பட்டியலில் இருக்கும் பலகை சுவரிலும் இருக்கிறதா?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பழைய பாலம், அணை, நீரேற்று நிலையம், மின்நிலையம் போன்றவற்றுக்குப் பொறியாளர் சங்கங்கள் பாரம்பரியச் சின்னம் என்று அங்கீகாரம் கொடுத்துப் பலகை பதிக்கின்றன. அந்தப் பலகைகளை வைத்து ஒரு ஜியோகேச்சிங் தொடர் அமைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. இணையத்தில் கிடைத்த பட்டியலோடு மூன்று இடங்களுக்குப் போனீர்கள், ஒன்றில்தான் பலகை இருந்தது. பட்டியலே தப்பா, வீட்டில் இருந்தபடியே சரிபார்க்க வழி உண்டா, பலகை இல்லாத இடத்தில் கேச் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு சான்று போதும்? நான் நில அளவைத் தொழிலில் இருந்தவன். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் யாரோ பாறையில் பதித்த பித்தளைத் தட்டைப் பழைய குறிப்பேட்டை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் அன்றாட வேலை. ஜியோகேச்சிங் அதற்கப்புறம் வந்த பொழுதுபோக்கு. ஜிபிஎஸ்ஸை வைத்து ஒளித்த டப்பாவைத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வரும் விளையாட்டு, அந்த டப்பாதான் கேச் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இரண்டிலும் நான் பட்ட அடிகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை.

பலகையைக் காணவில்லை என்றதும் பட்டியலைச் சந்தேகிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கட்டுமானம் ஒன்று. அதற்குச் சங்கம் கொடுத்த அங்கீகாரம் இன்னொன்று. அங்கீகாரத்தைச் சொல்லும் பலகை மூன்றாவது. இவற்றில் எது வேண்டுமானாலும் மற்ற இரண்டும் இல்லாமல் இருக்க முடியும். புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 305 மீட்டர் அகலத் தட்டு. 2001-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) அமைப்பும் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கமும் அதை அங்கீகரித்தன. 2020 டிசம்பர் 1-ஆம் தேதி மேலே தொங்கிய மேடை அறுந்து தட்டின் மேல் விழுந்து எல்லாம் முடிந்தது. தொலைநோக்கி போய்விட்டது, அங்கீகாரம் வரலாற்றுப் பதிவாக நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1855-இல் மரத்தால் கட்டிய பிளென்ஹைம் கூரைப் பாலமும் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதுதான். 2011 ஆகஸ்ட் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. இன்று அந்த இடத்தில் நீங்கள் பார்ப்பது பிறகு கட்டிய நகல். பட்டியலில் பெயர் இருக்கும், இடத்தில் பாலமும் இருக்கும், ஆனால் இது அது இல்லை.

கட்டுமானமே நடந்து போவதும் உண்டு. அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1966-இல் முதன்முதலாக அங்கீகரித்தது மேரிலாந்தின் சாவேஜ் என்ற ஊரில் இருக்கும் பால்மன் டிரஸ் பாலத்தை. 1869-இல் ரயில்பாதையின் வேறொரு இடத்துக்காகச் செய்யப்பட்ட அந்த இரும்புப் பாலத்தை 1887-இல்தான் சாவேஜுக்குக் கொண்டுவந்து பொருத்தினார்கள். பழைய வரைபடத்தை வைத்துத் தேடுபவன் வேறு ஆற்றங்கரையில் நிற்பான்.

எனவே ‘இது உண்மையா’ என்று மொத்தமாகக் கேட்காமல் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அங்கீகாரம் உண்மையா என்பதை வீட்டில் இருந்தபடியே ஏறக்குறைய முழு உறுதியோடு சொல்லிவிடலாம். கட்டுமானம் நிற்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் படத்தையும் அண்மைப் புகைப்படங்களையும் வைத்துப் பெரும்பாலும் சொல்லலாம். பலகை இன்றைக்கு இருக்கிறதா என்பதை மட்டும், என் அனுபவத்தில், போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது. போனால்கூடச் சில சமயம் முடியாது.

அங்கீகாரத்தில் தொடங்குவோம். பட்டியல்களை நம்பாமல் அங்கீகாரம் கொடுத்தவரின் சொந்தப் பதிவேட்டுக்குப் போங்கள். அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர்கள் 1971 முதல், ஐ-ட்ரிபிள்-ஈ 1983 முதல், என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் பாரம்பரியப் பிரிவு 1984 முதல் இதைச் செய்துவருகிறார்கள். ஐ-ட்ரிபிள்-ஈ ‘மைல்ஸ்டோன்’ என்ற பெயரில் கொடுக்கும் ஒவ்வோர் அங்கீகாரத்துக்கும் பலகையில் பொறிக்கும் வாசகத்தைத் தன் வரலாற்று விக்கியில் அப்படியே வெளியிடுகிறது. வாசகம் 70 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் விதி. பலகை எந்தக் கட்டடத்தில், எங்கே, பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதெல்லாம் விண்ணப்பத்திலேயே கேட்கப்படுகிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பல இடங்களுக்குப் பரிந்துரை ஆவணத்தையே பொதுவில் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள், ஆனால் தங்கம் இருப்பது இந்த ஆவணங்களில்தான். யார் உரிமையாளர், பலகையை எங்கே வைக்க உத்தேசம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாம் கிடைக்கும்.

‘உத்தேசம்’ என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். பரிந்துரை எழுதும்போது பலகை இன்னும் வார்க்கப்பட்டிருக்காது. விழா நாளில் மேடை போட வசதியாக இருந்த இடத்துக்கோ, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்துக்கோ அது மாறியிருக்கலாம். ஆகவே பரிந்துரை ஆவணத்தை விட விழா அறிக்கையும், விழாவில் எடுத்த படமும் ஒரு படி உயர்ந்த சான்று. படத்தில் பலகைக்குப் பின்னால் தெரியும் செங்கல் சுவரின் வரிசை, ஜன்னல் விளிம்பு, குழாய் ஆகியவைதான் நீங்கள் போய் நிற்கும்போது கைகொடுக்கும்.

பெயர் மாற்றத்தால் தடுக்கி விழுபவர்களும் நிறைய. ஆஸ்திரேலியாவில் ஆரம்பத்தில் ‘நேஷனல் என்ஜினியரிங் லேண்ட்மார்க்’, ‘ஹிஸ்டாரிக் என்ஜினியரிங் மார்க்கர்’ என்று இரண்டு படிகள் இருந்தன. பிறகு அவை ‘என்ஜினியரிங் ஹெரிட்டேஜ் நேஷனல் மார்க்கர்’, ‘என்ஜினியரிங் ஹெரிட்டேஜ் மார்க்கர்’ என்று மாறின. பழைய பலகையில் பழைய பெயர்தான் இருக்கும். புதுப் பெயரைத் தேடிக்கொண்டு போனவர் எதிரே இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு, ‘இது வேறு ஏதோ’ என்று திரும்பிவிடுவார். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

ஒரே கட்டுமானத்துக்கு இரண்டு சங்கங்கள் தனித்தனிப் பலகை வைத்திருக்கலாம். ஒரே சாதனைக்கு இரண்டு கண்டங்களிலும் பலகை இருக்கலாம். 1866-இன் அட்லாண்டிக் தந்திக் கம்பிக்கு நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட்டில் 1985-இலும், அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியில் 2000-இலும் ஐ-ட்ரிபிள்-ஈ பலகைகள் வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1903-இல் திறந்த கோல்ட்ஃபீல்ட்ஸ் குடிநீர்த் திட்டம் இன்னொரு தினுசு. சி.ஒய். ஓ'கானர் வடிவமைத்த அந்தக் குழாய்ப்பாதை 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இப்படி நீளமாக ஓடும் ஒன்றுக்குப் பட்டியல் ஒரே ஒரு புள்ளியைக் கொடுத்தால் அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது? தொடக்கமா, முடிவா, வரைபடத்தில் யாரோ குத்துமதிப்பாகத் தொட்ட நடுப்பகுதியா? கால்வாய், ரயில்பாதை, குழாய் என்று எதைப் பார்த்தாலும், பலகையின் இடம் எது என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது இணையப் பட்டியல்களுக்கு வருகிறேன். ஐந்து தளங்கள் ஒரே ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, கொடுத்தால் ஐந்து சாட்சி என்று நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது ஒரே சாட்சி, ஐந்து வாய். ஒருவர் வரைபடத்தில் தொட்டு எடுத்த எண்ணை மற்ற நால்வர் நகலெடுத்திருப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, தசமப் புள்ளிக்குப் பின் கடைசி இலக்கம் வரை பாருங்கள். தனித்தனியாக ஐந்து பேர் போய் அளந்திருந்தால் ஐந்தாவது தசம இலக்கம், அதாவது தரையில் சுமார் ஒரு மீட்டர், ஒத்துப்போகவே போகாது. கொஞ்சம் கொஞ்சம் முரண்படும் எண்களைத்தான் நான் அதிகம் நம்புவேன். எழுத்துப்பிழையும் இப்படிக் காட்டிக்கொடுக்கும். பலகை வாசகத்தில் ஒரே தவறு நான்கு தளங்களில் இருந்தால் மூலம் ஒன்றுதான்.

இவற்றில் களத்துக்குப் போனவர்கள் எழுதும் தளங்களுக்குத் தனி மரியாதை உண்டு. அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஹிஸ்டாரிக்கல் மார்க்கர் டேட்டாபேஸில் பலகை காணாமல் போயிருந்தால் அதையும் குறிக்கிறார்கள். அது பெரிய விஷயம், ஏனென்றால் பொதுவாகப் பட்டியல்கள் சேர்க்க மட்டுமே தெரிந்தவை, கழிக்கத் தெரியாதவை. வேமார்க்கிங் தளத்திலும் போனவர் படம் போட வேண்டியிருப்பதால் தேதி கிடைக்கும். விக்கிமீடியா காமன்ஸ் படங்களில் கேமரா பதித்த தேதியும் சில சமயம் இடமும் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த இடம் படம் எடுத்தவர் நின்ற இடம், பலகையின் இடம் அல்ல. ஆற்றின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைப் பாலத் தூணை ஜூம் செய்து எடுத்திருந்தால் நீங்கள் தப்பான கரைக்குப் போவீர்கள். தெருக் காட்சிப் படங்களில் மூலையில் மாதமும் வருடமும் இருக்கும், பார்க்க மறக்காதீர்கள். 2012-ஆம் வருடத்துப் படத்தில் பலகை தெரிகிறது என்றால் 2012-இல் இருந்தது, அவ்வளவுதான்.

வெண்கலப் பலகைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பழைய உலோகக் கடையில் வெண்கலத்துக்கு எடைக்கு எடை காசு. திருடர்களுக்கு ஆளரவமில்லாத பாலமும் நாலு போல்ட்டும் போதும். அப்படிப் போன இடங்களில் மறுபடி வைக்கும்போது கல், கண்ணாடியிழை, அச்சடித்த தகடு என்று மலிவான பொருளுக்கு மாறிவிடுகிறார்கள். பழைய படத்தில் பச்சை பூத்த வெண்கலத்தைப் பார்த்துவிட்டுப் போனால் புதுத் தகடு கண்ணில் படாமல் போகலாம்.

சரி, எண்கள். ஆயத்தொலைவில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் எழுதும் முறையில் வருபவை. ஜியோகேச்சிங்கில் டிகிரியும் தசம நிமிடமும் வழக்கம். மற்றவர்கள் டிகிரி, நிமிடம், வினாடி என்று எழுதுவார்கள். 33 டிகிரி 51.45 நிமிடம் என்பதை ஒருவர் 33 டிகிரி 51 நிமிடம் 45 வினாடி என்று படித்தால் 0.45 நிமிடம், அதாவது 27 வினாடி, 45 வினாடியாகிவிடும். வித்தியாசம் 18 வினாடி. தரையில் வடக்கு தெற்காகச் சுமார் 550 மீட்டர். போன இடத்தில் பாலமே இல்லை என்று பலர் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். எண்ணைப் பார்த்தால் பிழை தெரியாது, வரைபடத்தில் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், எது கட்டுமானத்தின் மேல் விழுகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் டேட்டம். பூமியின் எந்த மாதிரியை வைத்து அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிட்டார்கள் என்பது. ஜிபிஎஸ் ஒரு மாதிரியைப் பயன்படுத்துகிறது, பழைய நாட்டு வரைபடங்கள் வேறு வேறு மாதிரிகளைப் பயன்படுத்தின. ஆஸ்திரேலியாவின் பழைய டேட்டத்தில் எழுதிய எண்ணை மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ்ஸில் போட்டால் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். 1980-களில் எழுதிய பரிந்துரை ஆவணங்களில் இந்தப் பொறி நிச்சயம் காத்திருக்கும். மாதிரி மாறினால் இடம் எப்படி நகரும் என்று நம்ப முடியாதவர்கள் கிரீனிச்சுக்குப் போகலாம். உலகத்தின் பூஜ்யத் தீர்க்கரேகை என்று தரையில் பதித்த கோட்டின் மேல் நின்று கைபேசியைப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் நடந்து பூங்காவுக்குள் போனால்தான் காட்டும். கோடும் தப்பில்லை, கைபேசியும் தப்பில்லை.

கருவியின் துல்லியத்தைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், உண்மையில் அது மூன்றாம்பட்சம். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசி 5 மீட்டர் அளவில் சொல்லிவிடும். பலகை தேட அது தாராளம். ஆனால் இரும்புப் பாலத்தின் கீழும் அணைச் சுவரின் அடியிலும் சிக்னல் உலோகத்திலும் கான்கிரீட்டிலும் பட்டுத் தெறித்து வருவதால் எண் குதிக்கும். இரும்புக்குப் பக்கத்தில் காந்த முள்ளும் பொய் சொல்லும். அங்கே நான் செய்வது, வானம் தெரியும் இடத்துக்கு விலகி வந்து எண்ணை எடுத்துவிட்டு, அங்கிருந்து பலகை எத்தனை அடி எடுத்துவைக்கும் தூரம், எந்தத் தூணை நோக்கி என்று எழுதிவைப்பதுதான். அளவைக்காரர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகச் செய்வதும் இதுதான். ‘வடகிழக்குத் தூணின் தெற்கு முகத்தில், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில்’ என்ற வரியை எந்த டேட்டம் மாற்றமும் கெடுக்காது.

களத்தில் தேடும்போது பலகையைத் தேடாதீர்கள், பலகை வைத்தவரின் மனதைத் தேடுங்கள். விழா நடத்த இடம் வேண்டும், நாற்காலி போட வேண்டும், பேருந்தில் வருகிறவர்கள் படிக்க வேண்டும். ஆகவே பாலமாக இருந்தால் பாலத்தின் நடுவில் இருக்காது, ஒரு முனையில் இருக்கும், பெரும்பாலும் நடைபாதை இருக்கும் பக்கம். தொழிற்சாலையாக இருந்தால் வரவேற்பறைக்குள் இருக்கும். கல்லூரியாக இருந்தால் மாடிப்படிக்குப் பக்கத்தில். ஜகதீஷ் சந்திர போஸ் 1894 முதல் 1896 வரை செய்த மில்லிமீட்டர் அலைச் சோதனைகளுக்கான ஐ-ட்ரிபிள்-ஈ பலகை 2012-இல் கொல்கத்தாவின் பிரசிடென்சி வளாகத்தில்தான் வைக்கப்பட்டது. இப்படி ஒரு நிறுவனத்தின் வளாகத்துக்குள் இருப்பவை அங்கே இருந்தாலும் கேச்சுக்கு ஒத்துவராது. நேரம், அனுமதி, வாயிற்காவலர் என்று தேடி வருகிறவர்கள் அல்லாடுவார்கள்.

பலகை இல்லை என்றால் அது இருந்த தடயத்தைத் தேடுங்கள். ஒரே அளவு இடைவெளியில் நான்கு துளைகள், சுற்றியுள்ள கல்லை விட வெளுத்த ஒரு செவ்வகம், காய்ந்த பசையின் கறை, தலையில் ஒன்றுமில்லாத சாய்வான பீடம். இவற்றில் ஒன்று கிடைத்தால் பட்டியல் பொய் சொல்லவில்லை என்றாகிவிடுகிறது. ஒன்றுமே இல்லை என்றால் இடம் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். ஒரு பழைய நீரேற்று நிலையத்தில் இரண்டு முறை வெறும் சுவரைத் தடவிவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போனபோது பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். “வெள்ளையடிக்கும்போது கழட்டினது, அந்த ரூம்ல கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கு பாருங்க” என்றார். பலகை பத்திரமாக இருந்தது, வண்ணம் பூசி நாலு வருடம் ஆகியிருந்தது.

என் தொழிலில் கற்ற பாடங்களில் உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இதுதான். அமெரிக்காவின் தேசிய நில அளவை அமைப்பு தன் பெஞ்ச்மார்க் புள்ளிகளை, அதாவது அளவைக்காகத் தட்டுப் பதித்த குறிகளைப், பற்றிப் பொதுமக்களிடமிருந்தும் தகவல் வாங்குகிறது. அதில் ‘கிடைக்கவில்லை’ என்பது ஒரு நிலை, ‘அழிந்துவிட்டது’ என்பது வேறு நிலை. அழிந்தது என்று பதிய ஆதாரம் வேண்டும், பெயர்ந்து கிடக்கும் தட்டோ அதன் படமோ. எவ்வளவு நேரம் தேடியிருந்தாலும், ஆதாரம் இல்லாவிட்டால் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் எழுதலாம். ஜியோகேச்சிங் தளத்தில்கூடப் பல வருடம் இந்தப் பெஞ்ச்மார்க்குகளைத் தேடிப் பதியும் பகுதி இருந்தது, 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதில் ‘அழிந்தது’ என்று அடித்துச் சொல்லப்பட்ட புள்ளிகளை அடுத்து வந்தவர் அரையடி மண்ணுக்குக் கீழே கண்டுபிடித்த கதைகள் சாதாரணம். நானும் ஒரு பாலத்தின் பலகை திருடுபோய்விட்டதாக எழுதி, மூன்று மாதம் கழித்து இன்னொருவர் எதிர்க்கரைத் தூணில் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் போட்டார். அன்றிலிருந்து ‘காணோம்’ என்ற சொல்லை நான் எளிதில் எழுதுவதில்லை. ‘இன்ன தேதி, இன்ன பக்கங்களில் தேடினேன், பார்க்கவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேச் வைப்பதைப் பற்றி. டப்பாவைப் பலகையிலோ பலகைக்குப் பின்னாலோ தயவுசெய்து வைக்காதீர்கள். தேடி வருகிறவர்களில் பத்தில் ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு வருவார், பலகை அசைகிறதா என்று நெம்பிப் பார்ப்பார். பாரம்பரியச் சின்னத்தில் துளை போடுவதும், காந்தம் ஒட்டுவதும், கல்லைப் பெயர்ப்பதும் வேண்டவே வேண்டாம். அதை விடப் பெரிய சிக்கல் பாதுகாப்பு. பாலம், அணை, ரயில்பாதை, மின்நிலையம் என்று உங்கள் தொடரில் இருக்கும் எல்லாமே மர்மப் பொருள் என்றால் காவல்துறை உடனே ஓடிவரும் இடங்கள். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பியில் ஒரு கேச்சை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவை மூடி வெடிக்கவைத்தே அழித்தார்கள். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இந்த மாதிரி இடங்களில் நான் ஒரு ஃபிலிம் டப்பாகூட வைக்க மாட்டேன். எந்த நாட்டில் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு புதுக் கேச்களைப் பார்த்து வெளியிடும் அந்தந்தப் பகுதி ரிவ்யூவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் ரிவ்யூவர் பார்ப்பது தூரம், அனுமதி, விதிகள். பலகை உண்மையிலேயே இருக்கிறதா என்று அவர் போய்ப் பார்ப்பதில்லை, அது உங்கள் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் வழி, பல கட்டங்களாகத் தேடும் மல்ட்டி கேச். பலகையில் டப்பா இல்லை, ஒரு கேள்வி மட்டும். பலகையில் இருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் டப்பா இருக்கும் இடம் வரும், அது ஒரு பூங்காவிலோ நடைபாதை ஓரத்திலோ நிம்மதியாக இருக்கட்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு டப்பாக்களுக்கு இடையே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி டப்பா உள்ள இடங்களுக்குத்தான், பார்த்து விடை எழுதும் இடங்களுக்கு இல்லை. டப்பாவே இல்லாத வர்ச்சுவல் கேச்களைப் புதிதாக வைப்பதை 2005-இலேயே நிறுத்திவிட்டார்கள், 2017 முதல் அவ்வப்போது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் வாய்ப்புத் தருகிறார்கள். கிடைத்தால் நல்லது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதில்தான் ருசியே இருக்கிறது. கட்டி முடித்த வருடத்தைக் கேட்டால் வீட்டில் உட்கார்ந்து தேடி விடை சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வரியில் எத்தனை எழுத்து என்று கேட்டால் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் பலகை திருடுபோன அன்றே உங்கள் கேச்சும் செத்தது. இரண்டையும் கலக்குங்கள். முக்கிய எண்கள் கட்டுமானத்திலிருந்தே வரட்டும். பாலத்தில் எத்தனை வளைவு, எத்தனை தூண், விளிம்புக் கல்லில் செதுக்கிய வருடம். இவற்றை யாரும் எடைக்குப் போட முடியாது. பலகையிலிருந்து ஓர் எண் மட்டும் எடுத்து, கூட்டுத்தொகைச் சரிபார்ப்புக்கு வையுங்கள். மொத்த இலக்கங்களின் கூட்டல் இன்ன எண் என்று கேச்சின் இணையப் பக்கத்தில் கொடுத்துவிட்டால், பலகை இல்லாத நாளிலும் வந்தவர் விடுபட்ட இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பலகையைக் காணோம் என்று உங்களுக்கு முதலில் தகவல் சொல்வதும் அவராகத்தான் இருக்கும். சங்கத்துக்கு அதைப் படத்தோடு எழுதிப் போடுங்கள். பலகை வைத்தவர்கள் வருடா வருடம் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

உங்கள் மூன்றில் இரண்டு இடங்களுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால், முதல் இடத்தில் சாய்வான வெற்றுப் பீடம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஏறக்குறைய முடிந்த வழக்கு, பலகை இருந்தது, கழற்றப்பட்டது. திருட்டா பழுதுபார்ப்பா என்று உரிமையாளரைக் கேட்டால் தெரியும். இரண்டாவதில் ஒரு தடயமும் இல்லை என்கிறீர்கள், வினாடி நிமிடக் குழப்பம் இருக்கிறதா என்று முதலில் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு எதிர்க்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். இரண்டு இடத்திலும் கட்டுமானம் நிற்பதால் மல்ட்டி கேச்சுக்குத் தடையில்லை. கேச்சின் இணையப் பக்கத்தில் ‘பலகை உண்டு’ என்று மட்டும் எழுதாமல், கடைசியாகப் பார்த்த தேதியை எழுதுங்கள்.

இந்த விளையாட்டின் முதல் டப்பாவே இப்படித்தான். ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு எடுத்த மறுநாள், 2000 மே 3-ஆம் தேதி, டேவ் அல்மர் ஓரிகனில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. வாளி இப்போது இல்லை, அந்த இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. போகிறவர்கள் அதையும் தேதி போட்டு ஒரு படம் எடுத்துவிட்டு வாருங்கள்.